வார்சிட்டியா, கிளப்பா, புது அணியா? அமெரிக்கப் பல்கலையில் பேஸ்பால் ஆட நினைப்பவருக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்துவிட்டு, பேஸ்பால் ஆடியே தீருவேன் என்று இருப்பவருக்கு வழிகள் நான்கு. பல்கலையின் அதிகாரபூர்வ அணியான வார்சிட்டியில் இடம் பிடிக்கலாம். மாணவர்களே நடத்தும் கிளப் அணியில் சேரலாம். கிளப் இல்லாத இடத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்கலாம். இல்லையென்றால் வளாகத்துக்குள் நடக்கும், பேஸ்பாலின் எளிய வடிவமான சாஃப்ட்பால் லீக்கோடு நின்றுகொள்ளலாம். ஆர்வத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கிறவர்கள் மார்ச் மாதத்தில் திண்டாடுகிறார்கள். பார்க்க வேண்டியவை மூன்று: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், நம்பிப் பந்தைக் கையில் கொடுக்கக்கூடிய பிட்சர்கள், அதாவது பந்து வீசுகிறவர்கள், எத்தனை பேர், ஓடுகிறவர் தொட்டுச் செல்லும் பேஸ்களுக்கு இடையே 90 அடி உள்ள மைதானம் கிடைக்குமா. இவற்றில் பிட்சர் கணக்குதான் எல்லாவற்றுக்கும் மேல். அது சரியாக இருந்தால் மற்றதைத் தேடிப் பிடித்துவிடலாம். அது இல்லாமல் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

வார்சிட்டி: கதவு குறுகிவிட்டது

வார்சிட்டி என்றால் பல்கலையே பணம் போட்டு, சம்பளப் பயிற்சியாளரை வைத்து நடத்தும் அணி. பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்று பிரிவுகளில் ஒன்றில் ஆடும். முதல் பிரிவில் பருவத்துக்கு 56 ஆட்டங்கள் வரை உண்டு. மூன்றாம் பிரிவில் 40. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது.

முதல் பிரிவில் உதவித்தொகை இல்லாமல் ட்ரைஅவுட் என்ற தேர்வுச் சுற்று வழியாக உள்ளே வருகிறவர்களை வாக்-ஆன் என்பார்கள். இந்த வழி சமீபத்தில் ரொம்பவும் சுருங்கிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, மாணவ ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசப்படி, அதில் சேர்ந்த பல்கலைகளில் அணி முழுவதற்கும் 11.7 உதவித்தொகை என்ற பழைய உச்சவரம்பு போய், அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. முன்பு 40 பேர் வரை வைத்திருந்த பயிற்சியாளருக்கு இப்போது 'ஒருத்தனைப் பார்த்துவைப்போம்' என்று எடுத்துக்கொள்ள இடமே இல்லை. வேறு பல்கலைகளிலிருந்து மாறி வரும் ஆட்டக்காரர்களும் அதே 34 இடத்துக்குத்தான் போட்டி. உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டு ஆடியவர், பிட்சராக இருந்தால் மணிக்கு 85 மைலைத் தாண்டி வீசுகிறவர், 60 கஜத்தை 7 விநாடிக்குள் ஓடுகிறவர், இவர்களுக்குத்தான் முயன்று பார்ப்பதில் அர்த்தம் உண்டு. மற்றவர்கள் மூன்றாம் பிரிவுப் பல்கலையில் படிக்கிறார்கள் என்றால் ஒரு தரம் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்கும் முறையும் உண்டு. ட்ரைஅவுட் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல், செமஸ்டர் தொடங்கும் முன்பே பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் போட வேண்டும். எந்த இடத்தில் ஆடுவீர்கள், உயரம், எடை, எந்தக் கை, இரண்டு நிமிடத்துக்கு மிகாத வீடியோ, இவ்வளவு போதும். முதல், இரண்டாம் பிரிவுகளுக்கு என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு தேவை. மருத்துவப் பரிசோதனையும், சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டுக்கான பரிசோதனையும் முடியாமல் ட்ரைஅவுட் நாளில் மைதானத்துக்குள் கால் வைக்க விடமாட்டார்கள். அறிவிப்பு வந்தபிறகு இதற்கெல்லாம் ஓடினால் தேதி கடந்துவிடும்.

நேரக் கணக்கையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். முதல் பிரிவில் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது விதி. ஆனால் ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் அந்தக் கணக்கில் 3 மணி நேரமாகத்தான் எழுதப்படும். பயண நேரம் சேரவே சேராது. வெள்ளி முதல் ஞாயிறு வரை வெளியூர்த் தொடர் என்றால் வியாழன் வகுப்பும் போய்விடும். லேப் உள்ள பாடங்களை எடுப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் அட்டவணை போட வேண்டும்.

இந்தியாவில் பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ். படிக்க வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. முதல் பிரிவின் ஐந்தாண்டுக் கடிகாரம், உலகில் எந்தக் கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்தாலும் அன்றே ஓடத் தொடங்குகிறது. சென்னையிலோ கோவையிலோ படித்த நான்கு ஆண்டும் அதில் கழிந்துவிட்டது. நடுவில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தால் ஐந்தாண்டும் ஓடி முடிந்தே போயிருக்கும். இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் 10 செமஸ்டர் கணக்கு. எட்டு முடிந்திருந்தால் மிச்சம் இரண்டு. வழக்குகளால் இந்த விதிகள் மாறிக்கொண்டே வருகின்றன. அதனால் பல்கலையின் விளையாட்டுத் துறையில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இருக்கிற கிளப்பில் சேர்வது

பெரும்பாலான மாணவர்களுக்கு நாங்கள் சொல்லும் வழி இதுதான். கிளப் அணி பல்கலையின் பெயரில், அதன் நிறத்தில் ஆடும். ஆனால் தலைவர், பொருளாளர், பல இடங்களில் பயிற்சியாளர் வரை மாணவர்களே. 2000இல் தொடங்கிய என்.சி.பி.ஏ. என்ற தேசியக் கிளப் பேஸ்பால் சங்கம் இந்த அணிகளை வட்டாரங்களாகப் பிரித்து லீக் நடத்தி, பருவ முடிவில் தேசிய அளவில் உலகத் தொடர் வரை கொண்டுபோகிறது. மாணவர்கள் தாங்களே அணி சேர்த்து ஆடுவது அங்கே புதிதும் அல்ல. 1859 ஜூலை 1 அன்று மாசச்சூசெட்சின் பிட்ஸ்ஃபீல்டில் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி வில்லியம்ஸ் கல்லூரியை 73-32 என்று வென்ற முதல் கல்லூரி ஆட்டமே மாணவர்கள் பேசி வைத்துக்கொண்டதுதான்.

பயிற்சி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், இரண்டு மணி நேரம். வசந்த காலத்தில் வார இறுதிகளில் ஆட்டம். தேர்வு இருந்தால் ஒரு தொடரை விட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், முன்கூட்டியே சொன்னால். சந்தா பருவத்துக்குச் சில நூறு டாலரில் தொடங்கி, தூரப் பயணம் அதிகமுள்ள அணிகளில் ஆயிரத்தைத் தாண்டும். சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி: 'சந்தாவில் ஹோட்டலும் பெட்ரோலும் அடக்கமா?' 400 டாலர் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக 80 வாங்கும் அணி, நான்கு பயணம் போனாலே, 700 டாலரில் எல்லாம் அடக்கம் என்னும் அணியைவிடச் செலவு அதிகம் வைக்கும்.

ட்ரைஅவுட் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் வாரங்களிலோ முடிந்துவிடும். ஆட்டம் வசந்தத்தில்தானே என்று ஜனவரியில் போய் நின்றால் பட்டியல் நிரம்பியிருக்கும். அங்கே பார்ப்பது ஓட்டம், தரைப் பந்து எடுத்து முதல் பேஸுக்கு எறிவது, வெளிமைதானத்திலிருந்து எறிவது, மட்டையால் பத்துப் பன்னிரண்டு பந்து அடிப்பது. அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் என்றால், பந்து கிளவுஸில் பட்ட நொடியிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போய்ச் சேரும்வரை நேரம் எடுப்பார்கள், 2.0 விநாடி வந்துவிட்டால் தலைவர் உங்களைத் தேடி வருவார், 2.2 வரை ஏற்றுக்கொள்வார்கள். ஆள் குறைவான இடம் கேட்சர். குனிந்து உட்கார்ந்து இரண்டு ஆட்டம் தாங்க யாருக்கும் மனம் வராது என்பதால், அதற்குத் தயார் என்று சொல்கிறவருக்கு மற்றவர்களைவிட எளிதில் இடம் கிடைக்கும்.

கிரிக்கெட் ஆடி வந்தவர்கள் வெளிமைதானத்தில் முயலுங்கள். பவுண்டரியிலிருந்து ஸ்டம்புக்குக் குறிவைத்து எறிந்த பழக்கம் அப்படியே உதவும். மாறவேண்டியது கிளவுஸ்: எறியாத கையில் போடுவது, பந்தை உள்ளங்கையில் வாங்காமல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வலையில் வாங்குவது. ஒரு மாதம் சுவரில் எறிந்து பிடித்தால் கை பழகிவிடும். வேகப்பந்து வீச்சாளராக இருந்ததால் பிட்சராகிவிடலாம் என்பது மட்டும் அவ்வளவு சுலபமில்லை. முழங்கையை நீட்டி வீசிய தோளும், மடக்கி எறியும் தோளும் ஒரே மாதிரி சுமை தாங்குவதில்லை. முதல் ஆறு வாரத்துக்கு முழு வேகம் வேண்டாம்.

புது அணி: முதலில் பிட்சர்களை எண்ணுங்கள்

உங்கள் பல்கலையில் கிளப்பே இல்லையென்றால்? ஆர்வமுள்ள இருபது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிடுவார்கள். அதை வைத்து லீக்குக்கு விண்ணப்பித்துவிடக் கூடாது. கணக்கு இப்படிப் போகிறது.

கிளப் லீக்கில் ஒரே வார இறுதியில் ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம் என்பது வழக்கம். ஒன்பது இன்னிங்ஸ் ஒன்றும் ஏழு இன்னிங்ஸ் இரண்டும் என்று வைத்தால் 23 இன்னிங்ஸ். இன்னிங்ஸுக்கு 17 பந்து என்று குறைத்தே எடுத்தாலும் 391 பந்து. அமெரிக்காவில் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற பெயரில் வயதுவாரியாக வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதல் 19 முதல் 22 வயதினருக்குச் சொல்வது: நாளுக்கு 120 பந்துக்கு மேல் வேண்டாம், 30 வரை வீசினால் மறுநாளே வீசலாம், 31 முதல் 45 என்றால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு நாள், 80 வரை மூன்று நாள், 105 வரை நான்கு நாள், அதற்கும் மேல் ஐந்து நாள்.

இப்போது பொருத்திப் பாருங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் மூன்று பேர் ஆளுக்கு 80 வீசினால் 240. மிச்சம் 151. அதை 30, 30ஆகப் பிரித்தால் ஏறக்குறைய ஐந்து முறை ஆள் இறங்க வேண்டும். சனிக்கிழமை 30க்குள் வீசியவர் ஞாயிறும் வரலாம் என்பதால் நான்கு பேரை வைத்துச் சமாளிக்கலாம். ஆக மொத்தம் ஏழு பேர். இதில் ஒருவருக்குத் தோள் வலி, ஒருவருக்குத் தேர்வு என்றாலும் ஐந்து பேராவது மிஞ்சுவார்கள். மூன்று பிட்சர்களோடு லீக்கில் இறங்கிய அணியில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே: ஞாயிறு இரண்டாம் ஆட்டத்தில் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட் ஸ்டாப்பைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுப்பார்கள், அவர் வரிசையாக நான்கு பேரை வாக்கில், அதாவது தவறான பந்துகள் போட்டு அடிக்காமலே முதல் பேஸுக்கு, அனுப்புவார், இன்னிங்ஸ் நாற்பது நிமிடம் போகும், அடுத்த வாரம் ஆறு பேர் வரமாட்டார்கள். தோல்வியால் பிள்ளைகள் விலகுவதில்லை. வெயிலில் நின்றுகொண்டு பந்தே வராமல் வாக் பார்ப்பதால்தான் விலகுகிறார்கள். பிட்சரின் முழங்கைத் தசைநாரோ அதற்குள் கெட்டுப்போயிருக்கும், அது விளையாட்டில்லை.

பிட்சர் என்று யாரை எண்ணுவது? வேகத்தைப் பார்க்காதீர்கள். பிட்சர் நின்று வீசும் சரியான மண்மேட்டில் நிற்கவைத்து 60 அடி 6 அங்குலத் தூரத்தில் 20 பந்து வீசச் சொல்லுங்கள். 12 பந்து ஸ்ட்ரைக்காக, அதாவது அடிக்கத்தக்க எல்லைக்குள், விழுந்தால் அவர் பிட்சர். மணிக்கு 70 மைலில் 12 போடுகிறவர், 82 மைலில் 7 போடுகிறவரைவிட உங்கள் அணிக்கு மதிப்பு மிக்கவர். கேட்சர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அவர்கள் இந்த ஏழில் சேரக் கூடாது. பிட்ச் செய்த தோளோடு கேட்சராக உட்காருவது தோளைக் கெடுக்கும் குறுக்குவழி.

அடுத்தது மைதானம். வளாகத்தில் திறந்து கிடப்பது அநேகமாக சாஃப்ட்பால் மைதானம். வேலி 300 அடிக்கும் உள்ளேயே இருக்கும், மேடு இருக்காது. அதில் பயிற்சி செய்யலாம், ஆட முடியாது. வார்சிட்டி மைதானத்தைக் கிளப்புக்குத் தருவது அபூர்வம். உயர்நிலைப் பள்ளி மைதானங்களும் நகராட்சிப் பூங்காக்களும்தான் நம்பத்தக்கவை. பேஸ்களுக்கு 90 அடி, மேடு 10 அங்குலம் இருக்கிறதா என்று நாடா பிடித்துப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். பள்ளி அணிகளும் வசந்தத்தில்தான் ஆடும். வார நாள் மாலைகள் அவர்களுக்கு. உங்களுக்குச் சனியும் ஞாயிறும்.

பூங்கா மைதானத்தில் அதிகம் தொல்லை தருவது மேடு. பிட்சர் காலை வைக்கும் ரப்பர் பட்டைக்கு ஆறு அங்குலம் முன்னாலிருந்து ஆறு அடிவரை, அடிக்கு ஒரு அங்குலம் என்ற சரிவில் மண் இறங்க வேண்டும். பல பேர் ஆடிய மேட்டில், முன்கால் விழும் இடத்தில் குழி விழுந்திருக்கும். உயரமானவர் போட்ட குழிக்குள் குட்டையானவரின் கால் விழாது, விளிம்பில் விழும். கணுக்கால் மடங்கும், பந்து மேலே போகும். ஆட்டத்துக்கு முந்தின நாள் குழியின் உதிர்மண்ணைத் துடைத்தெடுத்து, ஈரப்படுத்தி, களிமண் நிரப்பி, இடிகட்டையால் இறுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். காய்ந்த மண்ணைக் காய்ந்த குழியில் கொட்டினால் இரண்டாம் இன்னிங்ஸிலேயே பெயர்ந்துவிடும். இந்த வேலைக்கு இருவரைப் பெயர் சொல்லி நியமிப்பது நல்லது.

பணம். தொடக்கப் பொருள்களுக்கு ஒரு தோராயம்: கேட்சர் செட் இரண்டு 600 டாலர், மட்டை மூன்று 900, இரு காதும் மூடும் ஹெல்மெட் ஆறு 240, பந்து 15 டஜன் 1,050, பயிற்சியில் வீசுகிறவருக்கு முன்னால் வைக்கும் எல் வடிவ வலை 200, பேஸும் சுண்ணாம்பும் 150. கூட்டினால் 3,140. உள்ளூரில் ஆறு ஆட்டம் என்றால் இரண்டு அம்பயருக்கும் சேர்த்து ஆட்டத்துக்கு 170 வீதம் 1,020. இதற்கு மேல் லீக் கட்டணம், மைதான வாடகை, சீருடை, பயணம். மட்டை வாங்கும்போது, பந்து தெறிக்கும் வேகத்துக்கு வரம்பு வைக்கும் பிபிகோர் தர முத்திரையைப் பாருங்கள்; 2011 முதல் கல்லூரி ஆட்டத்தில் அது இல்லாத உலோக மட்டை செல்லாது. 33 அங்குல மட்டை 30 அவுன்ஸுக்குக் குறையக் கூடாது. கார்பன் இழை போன்ற கலவையாலான கம்போசிட் மட்டைகளைக் குளிரில் வெளியே எடுக்காதீர்கள், 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விரிசல் விடும். வட மாநிலங்களில் பிப்ரவரி, மார்ச் முழுக்க அந்தக் குளிர்தான். அங்கே அலுமினியம் போதும்.

பல்கலை பணம் தருமா என்றால், தரும். ஆனால் பல இடங்களில் மாணவர் கட்டணத்திலிருந்து கிளப்புகளுக்குப் பிரிக்கும் கூட்டம் வசந்த செமஸ்டரில் அடுத்த ஆண்டுக்காக நடக்கும். செப்டம்பரில் தொடங்கிய கிளப்புக்கு அந்த ஆண்டு அநேகமாக ஒன்றும் வராது. முதலாண்டுச் செலவைச் சந்தாவாலும் நன்கொடையாலும்தான் ஓட்ட வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பதிவு வேலை எல்லாப் பல்கலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: விதிமுறை ஆவணம், பொறுப்பாளர்கள், ஆலோசகராக ஓர் ஊழியரோ பேராசிரியரோ, குறைந்தபட்ச உறுப்பினர் கையெழுத்து, ஒவ்வொருவரின் பொறுப்பு விலக்குப் பத்திரம், முதலுதவியும் சி.பி.ஆரும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பயிற்சியிலும். கவிழும் அபாயம் கருதி 15 இருக்கை வேனைப் பல பல்கலைகள் தடை செய்துவிட்டன. 12 இருக்கை இரண்டு எடுக்க வேண்டும், பல்கலையின் ஓட்டுநர் பயிற்சி முடித்த நான்கு பேராவது வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்க உரிமம் எடுத்துச் சில ஆண்டு ஆகியிருக்காது என்பதால் இதை அமெரிக்க நண்பர்களை வைத்துத்தான் திட்டமிட முடியும். பொறுப்பாளர்கள் எல்லோரும் இறுதியாண்டு மாணவர்களாக இருந்தால் கிளப் மே மாதத்தோடு முடிந்தது. துணைத் தலைவரும் பொருளாளரும் முதலிரண்டு ஆண்டு மாணவர்களாக இருக்கட்டும்.

சாஃப்ட்பால் லீக்கும் ஞாயிற்றுக்கிழமை லீக்கும்

வளாக இன்ட்ராமுரல் சாஃப்ட்பாலில் பந்து பெரியது, மெதுவாக வளைந்து வரும், களத்தில் பத்துப் பேர். பருவத்துக்கு நாலைந்து ஆட்டம், கட்டணம் சொற்பம், கிளவுஸ்கூடப் பல இடங்களில் இரவல் கிடைக்கும். ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் பிரிவும் உண்டு. இதே லீக்கில் அம்பயராக நின்றால் சம்பளமும் கிடைக்கும். வளாக வேலை என்பதால் எஃப்-1 மாணவர் விசாக்காரர்கள் செமஸ்டர் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் செய்யலாம். புது அணிக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடமும் இல்லை: மூன்றாம் பேஸிலிருந்து நேர்கோட்டில் எறிகிறவர் யார் என்று இரண்டு மாலை நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வளாகத்துக்கு வெளியே பெரிய நகரங்களில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஞாயிறு பேஸ்பால் லீக்குகள் உண்டு. முழு அளவு மைதானம், உண்மையான பந்து, மாணவர் தகுதி விதி எதுவும் இல்லை. எம்.எஸ்., பி.எச்டி. மாணவர்களுக்கு, குறிப்பாகக் கோடையிலும் ஊரில் இருப்பவர்களுக்கு, பல சமயம் கிளப்பைவிட இதுவே பொருந்தும். கார் மட்டும் வேண்டும்.

அப்படியானால் யார் எங்கே?

இளநிலை முதலாண்டு, பள்ளியில் தொடர்ந்து ஆடியவர்: மூன்றாம் பிரிவுப் பல்கலை என்றால் வார்சிட்டி பயிற்சியாளருக்கு எழுதுங்கள், அதே வாரம் கிளப் ட்ரைஅவுட்டுக்கும் போங்கள். முதல் பிரிவுப் பல்கலை என்றால், மேலே சொன்ன வேகம் இல்லாதவர் நேரே கிளப். இதுவரை பேஸ்பாலே ஆடாதவர் முதல் ஆண்டு சாஃப்ட்பால் ஆடி, அடுத்த செப்டம்பரில் கிளப்புக்குப் போகட்டும். முதுநிலை மாணவர் கிளப்பின் தகுதி விதியையும், குறைந்தபட்சக் கிரெடிட் எத்தனை என்பதையும் சந்தா கட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புது அணி தொடங்குகிறவர்களுக்கு அக்டோபர் கடைசி வாரம்தான் கெடு. அதற்குள் மேட்டில் நிறுத்தி 20 பந்துச் சோதனையை முடியுங்கள். ஏழு பேர் தேறினால் லீக் விண்ணப்பத்தையும் மைதான முன்பதிவையும் ஒரே வாரத்தில் போடுங்கள். ஐந்தோ ஆறோ என்றால் பக்கத்துப் பல்கலைக் கிளப்போடு பேசி, சனிக்கிழமை இரட்டை ஆட்டமாக, ஏழு இன்னிங்ஸ் வீதம் வசந்தத்தில் நான்கு நாள் ஆடுங்கள். 14 இன்னிங்ஸுக்கு ஐந்து பேர் தாராளம். ஐந்துக்கும் குறைவு என்றால் அந்த ஆண்டு லீக் வேண்டாம்: கிளப்பைப் பதிவு செய்துவிட்டு, குளிர்காலம் முழுக்க உள்ளரங்கில் வாரம் இரண்டு நாள் பிட்சர்களை மட்டும் தயார்படுத்தி, வசந்த நிதிக் கூட்டத்தில் அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டோடு போய் உட்காருங்கள்.